கண்ணகி கட்டுரையும் நம் பிள்ளைகளும்

(மில் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளுக்காக எங்கள் படிப்பகம் நடத்திய கட்டுரைப் போட்டியின் பரிசளிப்புக் கூட்டத்தில் பேசியது.)



இந்தக் கூட்டத்துக்கு நோட்டீஸ் கொடுக்கப் போன இடத்தில் ஒரு தோழர் எங்களை நிறுத்திக் கேட்டார். "போனஸ் பேச்சு இழுத்துக்கொண்டு கிடக்கிறது. கூலி உயர்வு கேட்டு நடவுக்காரப் பெண்கள் தாலுகா ஆபீஸ் வாசலில் உட்கார்ந்துவிட்டு வந்திருக்கிறார்கள். இந்த நேரத்தில் கண்ணகிக்கு ஒரு கூட்டமா?" என்றார். நியாயமான கேள்விதான். முதல் ஷிப்டு முடிந்து முகம்கூடக் கழுவாமல் வந்து உட்கார்ந்திருக்கும் உங்களுக்கும் அந்தக் கேள்வி இருக்கும். அதற்குப் பதில் சொல்லாமல் மேலே போவது மரியாதையாகாது.

பதில் இதுதான். நம் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் தினமும் எதையோ எழுதிக்கொண்டிருக்கிறார்கள். பரீட்சைப் பேப்பர் வீட்டுக்கு வருகிறது. நாம் பார்ப்பது ஒன்றே ஒன்றைத்தான். சிவப்பு மையில் போட்டிருக்கும் எண். எண் பெரிதாக இருந்தால் சந்தோஷம், சிறிதாக இருந்தால் முதுகில் நாலு சாத்து. அந்த எண்ணுக்குக் கீழே நம் பிள்ளை என்ன எழுதியிருக்கிறது என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? படிக்கத் தெரியாவிட்டால் என்ன, படித்துக் காட்டு என்று சொல்லலாமே. நாங்களும் கேட்டதில்லை. இந்தப் போட்டிக்கு நடுவராக உட்கார்ந்த பிறகுதான் புத்தி வந்தது.

"சிலப்பதிகாரத்தில் எனக்குப் பிடித்த பாத்திரம்" என்பது தலைப்பு. வந்தவை 43 கட்டுரைகள். நடுவர்கள் மூன்று பேர்: ஓய்வுபெற்ற தமிழ் வாத்தியார் ஐயா ஒருவர், கல்லூரியில் படிக்கிற மாணவி ஒருவர், மூன்றாவதாக பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய நாங்கள். கட்டுரைகளில் பெயர் கிடையாது, நம்பர் மட்டும்தான்.

43-இல் கண்ணகியைப் பற்றியவை 31. அந்த 31-இல் இருபதுக்கு மேற்பட்டவை ஒரே கட்டுரை! அதே முன்னுரை, அதே உள் தலைப்பு, அதே முடிவுரை. கடையில் விற்கிற நோட்ஸிலிருந்து அப்படியே இறங்கியிருக்கிறது. கற்பில் சிறந்தவள், பொறுமையில் சிறந்தவள், கணவனைத் தெய்வமாகக் கொண்டவள், வீரத்தில் சிறந்தவள். நாலு சிறப்பும் சொல்லியாகிவிட்டது, கண்ணகி முடிந்தாள்.

பிள்ளைகளைக் கேலி செய்ய இதைச் சொல்லவில்லை. நாங்கள் பத்தாவது படித்தபோதும் இதே நெட்டுருதான். 'கண்ணகியின் கற்புத்திறம்' என்று ஒரு கட்டுரையை மனப்பாடம் செய்து எழுதினோம். நல்ல மார்க்கும் வந்தது. ஆனால் கண்ணகி எந்த ஊரில் சமைத்தாள், யார் வீட்டில் தங்கினாள், சபையில் என்ன சாட்சியம் காட்டினாள் என்று அன்றைக்கு யாராவது கேட்டிருந்தால் விழித்திருப்போம். மெரினாவில் கையில் சிலம்போடு நிற்கிற சிலை தெரியும். 1968-இல் உலகத் தமிழ் மாநாட்டின்போது வைத்தது, 2001-இல் எடுத்தார்கள், 2006-இல் மறுபடி வைத்தார்கள். 1964-இல் வந்த 'பூம்புகார்' படத்தை டெண்டு கொட்டகையில் பார்த்த கதையை வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறோம். சிலையும் சினிமாவும் நோட்ஸும் சேர்ந்து ஒரு கண்ணகியைச் செய்து கொடுத்துவிட்டன. புத்தகத்தில் இருக்கிற கண்ணகியை அதற்குப் பிறகு யார் தேடப் போகிறார்கள்?

புத்தகத்தை நாங்கள் முதன்முதலாகக் கையில் எடுத்தது முப்பது வயதுக்குப் பிறகு, அதுவும் தொழிலாளர் கோர்ட் வாசலில். ஒரு மில்லில் (பெயர் இங்கே வேண்டாம்) பதினேழு வருஷம் வேலை பார்த்த ஒரு தொழிலாளி, சாப்பாட்டுத் தூக்கில் நூல் எடுத்துப் போனார் என்று வேலையை விட்டு நிறுத்தப்பட்டார். சார்ஜ் மெமோ இல்லை, விசாரணை இல்லை. 'திருடன்' என்று ஒருவர் சொன்னார், கேட் மூடியது. வழக்கு வாய்தா மேல் வாய்தாவாகப் போய்க்கொண்டிருந்தது. வாய்தாவுக்குப் போனால் பாதிநாள் மரத்தடியில் உட்கார்ந்திருக்க வேண்டும். அப்படி உட்கார்ந்திருந்த நாட்களில்தான் உரையோடு கூடிய சிலப்பதிகாரத்தை நாங்கள் படித்தோம். பக்கத்தில் அந்தத் தொழிலாளி. கோவலன் கொலையாகிற இடத்தை அவருக்கு வாசித்துக் காட்டினோம். முழுக்கக் கேட்டுவிட்டு அவர் ஒன்றே ஒன்று கேட்டார்: "ஏந்தோழர், அந்த ஆளை ஒருத்தரும் ஒரு வார்த்தை விசாரிக்கவே இல்லையா?"

இல்லை. அதுதான் அந்தக் காதையின் உயிர்நாடி.

கதை உங்களுக்குத் தெரியும் என்றாலும், நடந்ததை நடந்தபடி ஒருமுறை சொல்லிவிடுகிறோம். படத்தில் பார்த்தது வேறு, புத்தகத்தில் இருப்பது வேறு. சிலப்பதிகாரம் 30 காதை. புகார்க் காண்டத்தில் 10, மதுரைக் காண்டத்தில் 13, வஞ்சிக் காண்டத்தில் 7. பதினாறாவது, கொலைக்களக் காதை. கோவலன் ஒற்றைச் சிலம்போடு மதுரைக் கடைவீதிக்கு வருகிறான். நூறு கொல்லர்கள் பின்னால் நடந்துவர ஒரு பெரிய பொற்கொல்லன் எதிரே வருகிறான். அரசிக்கு ஏற்ற இந்தச் சிலம்புக்கு விலை மதிக்க முடியுமா என்று கோவலன் அவனிடமே போய்க் கேட்கிறான். அரண்மனைச் சிலம்பை ஏற்கெனவே களவாடி வைத்திருப்பவன் அவன்தான். மாட்டிக்கொள்ளுமுன் தப்பிக்க வழி வந்துவிட்டது! "இங்கே இரு" என்று சொல்லிவிட்டு அரண்மனைக்கு ஓடுகிறான்.

அங்கே பாண்டிய மன்னன் என்ன செய்துகொண்டிருக்கிறான்? நீதி சொல்லிக்கொண்டிருக்கவில்லை. அரசி ஊடிக்கொண்டு, தலைவலி என்று சொல்லிப் போய்விட்டாள். ஆடல் பெண்களை அவன் பார்த்த பார்வை அவளுக்குப் பிடிக்கவில்லை. அவளைச் சமாதானம் செய்யப் போகிற வழியில் பொற்கொல்லன் காலில் விழுகிறான். கள்வன் என் குடிசையில் இருக்கிறான் என்கிறான். மன்னன் நின்று ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். ஊர்க்காவலரைக் கூப்பிட்டு, சிலம்பு அவன் கையில் இருந்தால் கொன்று கொண்டுவாருங்கள் என்று உத்தரவு போட்டுவிட்டு அவன் அரசியிடம் போகிறான். இவ்வளவுதான் விசாரணை.

இப்போது கட்டுரைகளுக்கு வருவோம்.

பாண்டியனைத் தேர்ந்தெடுத்து ஐந்து பேர் எழுதியிருந்தார்கள். ஐந்து பேரும் ஒருமித்து அவனை நீதிமான் என்றார்கள். தவறு தெரிந்ததும் உயிரை விட்டான் அல்லவா என்பது காரணம். தமிழ் வாத்தியார் ஐயாவுக்கு அந்த ஐந்தில் ஒன்று மிகவும் பிடித்துவிட்டது. நடை அழகாக இருந்தது, வாஸ்தவம். எங்கள் கல்லூரி மாணவி விடவில்லை. "ஐயா, செத்தது சரி, அதற்கு முன்னால் கேட்டிருக்க வேண்டியதை ஏன் கேட்கவில்லை என்று இந்தப் பிள்ளை ஒரு வரிகூட எழுதவில்லையே" என்றாள். ஐயா கோபித்துக்கொண்டார். அரைமணி நேரம் தேநீர் ஆறிப்போகும் வரை வாதம். கடைசியில் ஐயாவே புத்தகத்தை எடுத்து, இருபத்து மூன்றாவது காதையைப் புரட்டினார்.

அந்தக் காதைக்குப் பெயரே கட்டுரை காதை! நம் பிள்ளைகள் எழுதுகிற கட்டுரைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மதுரை நகரத்தின் தெய்வம் கண்ணகிக்கு விவரம் எடுத்துச் சொல்கிற பகுதி அது. பாண்டியர் நீதி எப்படிப்பட்டது என்று காட்ட அந்தத் தெய்வம் ஒரு பழைய வழக்கைச் சொல்கிறது. வார்த்திகன் என்று ஒரு அந்தணன். அவன் பிள்ளை கையில் திடீரென்று நகைகள். புதையல் பொருளைக் கவர்ந்தவன் என்று அதிகாரிகள் வார்த்திகனைச் சிறையில் போட்டுவிடுகிறார்கள். அவன் மனைவி அழுது புரள்கிறாள். துர்க்கை கோயில் கதவு திறக்க மறுக்கிறது. அரசன் ஏன் என்று விசாரிக்கிறான், தப்பைத் தெரிந்துகொண்டு மன்னிப்புக் கேட்டு, இரண்டு ஊர்களை மானியமாகக் கொடுத்து விடுதலை செய்கிறான். ஐயா இதை வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "அவன் உயிரோடு ஜெயிலில் இருந்தான், திருத்த முடிந்தது. வழிப்போக்கனாக வந்த கோவலனுக்கு ஜெயில்கூடக் கிடைக்கவில்லை" என்றார். நாற்பது வருஷம் இந்தப் பாடத்தை நடத்தியவர், இரண்டையும் சேர்த்துப் பார்த்தது அன்றைக்குத்தான் என்றும் சொன்னார். அப்படி ஒப்புக்கொள்ள மனசு வேண்டும்.

நம் பக்கத்துப் பையன்களையும் சொல்லாமல் விடக்கூடாது. நாலைந்து கட்டுரைகளில் கண்ணகி பாட்டாளி வர்க்கப் புரட்சிக்காரி! அரசை எதிர்த்த உழைக்கும் பெண்! இதை வாசித்தபோது, எங்கே கற்றுக்கொண்டார்கள் என்று எங்களுக்கு உடனே புரிந்துவிட்டது. நம் மேடைகளில்தான். தோழர்களே, கண்ணகி புகார் நகரத்துப் பெருவணிகன் மாநாய்கன் மகள். பெருங்குடியில் பிறந்து, பன்னிரண்டு வயதில் இன்னொரு பெருவணிகன் மகனுக்கு வாழ்க்கைப்பட்டவள். நெல் அவித்தவளும் இல்லை, நூல் நூற்றவளும் இல்லை. அவளுக்கு நம்முடைய சட்டையைப் போட்டுவிடுவது, நோட்ஸ்காரன் அவளுக்குக் கற்புச் சட்டை மட்டும் போட்டதுபோலத்தான். இரண்டிலும் புத்தகம் காணாமல் போகிறது. அந்தக் கட்டுரைகளை நாங்களே ஓரம் கட்டினோம்.

அவள் செய்தது என்ன? அதைப் பாருங்கள், அதிலேயே போதுமான பெருமை இருக்கிறது. தன்னந்தனியாக, தெரியாத ஊரில், சபைக்கு நேரே போகிறாள். மன்னன் சொல்கிறான்: கள்வனைக் கொல்வது குற்றமில்லை. இவள் அழுது மன்றாடவில்லை. என் சிலம்பின் உள்ளே இருக்கும் பரல் மாணிக்கம் என்கிறாள். எங்கள் சிலம்பில் உள்ளது முத்து என்று மன்னன் வாயாலேயே வருகிறது. கொண்டுவரச் சொல்லி, முன்னால் வைத்து, அவள் உடைக்கிறாள். மாணிக்கப் பரல் மன்னன் வாயருகே தெறிக்கிறது. எதிர்த்தரப்பு ஒப்புதலை முதலில் வாங்கிவிட்டு, அதற்குப் பிறகு சான்றுப் பொருளைக் காட்டுகிறாள்! நம் யூனியன் வக்கீல் இதைக் கேட்டுவிட்டு, "இந்த வரிசை எனக்கே பல நேரம் தப்பிப் போகும்" என்றார். 31 கட்டுரைகளில் இந்த மாணிக்கம், முத்து விஷயத்தை ஒழுங்காக விளக்கியவை மூன்றுதான். மற்றதெல்லாம் அவள் கற்பின் நெருப்பால் வென்றாள் என்று போய்விட்டது. நெருப்பு பிறகு வந்தது, தோழர்களே. வழக்கை அவள் வென்றது சான்றால்.

நெருப்பைப் பற்றியும் ஒரு பிள்ளை கேட்டிருந்தது. மன்னன் தப்புக்கு ஊரை ஏன் எரிக்க வேண்டும்? அந்தணர், அறவோர், பசு, பத்தினிப் பெண்கள், முதியோர், குழந்தைகளை விட்டுவிடு என்று கண்ணகி தீக்குச் சொன்னது உண்மை. அப்படியானால் அரசன் எந்தக் கொல்லனையும் விசாரிக்காததற்காக, நெசவு செய்கிறவனும் வண்டி ஓட்டுகிறவனும் எரிய வேண்டுமா என்று அந்தப் பிள்ளை கேட்டு, பதில் எழுதாமல் விட்டிருந்தது. கூடவே இன்னொன்று: கொற்கையில் இருந்த வெற்றிவேற்செழியன், கண்ணகிக்குச் சாந்தி செய்வதற்காக ஆயிரம் பொற்கொல்லர்களைப் பலி கொடுத்தான் என்று நூலிலேயே இருக்கிறது. ஒருவன் திருடினான், ஆயிரம் பேர் தலை. அவர்களையும் ஒருவரும் விசாரிக்கவில்லை. இது எந்த நோட்ஸிலும் வராது. மேடைகளில் நாமும் இதைச் சொல்வதில்லை, கசப்பாக இருக்கிறது. அந்தக் கட்டுரைக்கு இரண்டாம் பரிசு.

முதல் பரிசு பெற்றது 27-ஆம் நம்பர். அதை எழுதிய பெண் கண்ணகியைத் தேர்ந்தெடுக்கவில்லை, மாதவியை இல்லை, பாண்டியனையும் இல்லை. பிடித்த பாத்திரம் என்ற தலைப்பையே கொஞ்சம் மீறி, "எனக்கு மறக்காத பாத்திரங்கள்" என்று போட்டு, கோவலனைக் கொல்லப் போன காவலர்களைப் பற்றி எழுதியிருந்தாள். நாலு பக்கம். எழுத்துப் பிழை நிறைய. வாத்தியார் ஐயா முதல் பக்கத்தில் பதினோரு இடத்தில் கோடு போட்டார். இரண்டாம் பக்கத்தில் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

அந்த இடத்தை நூல் எப்படிச் சொல்கிறது என்று நாங்களும் திரும்ப எடுத்துப் பார்த்தோம். காவலர்கள் வருகிறார்கள். கோவலனைப் பார்த்ததுமே அவர்களுக்குத் தெரிந்துவிடுகிறது. இவன் முகத்தைப் பார்த்தால் கொலைக்குரிய கள்வன் மாதிரி இல்லையே என்கிறார்கள். பொற்கொல்லன் சிரித்துக்கொண்டு பாடம் நடத்துகிறான். மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என்று கள்வர்க்கு எட்டுத் துணை உண்டு, உங்களுக்கு என்ன தெரியும் என்கிறான். பெரிய படிப்பாளி! களவு சாஸ்திரமே தலைகீழாகத் தெரிகிறது. பிறகு காவலரில் ஓர் இளைஞன் பேசுகிறான். ஒரு மழைக்கால இருட்டில் ஒரு கள்வன் தன் வாளையே பறித்துக்கொண்டு மறைந்த கதையைச் சொல்லி, இவர்கள் செய்கை நமக்குப் புரியாது, செய்யாவிட்டால் அரசன் நம்மை விடமாட்டான், என்ன செய்யலாம் சொல்லுங்கள் என்கிறான். அந்தப் பேச்சு முடிவதற்குள் எழுத்தறியாத குடிகாரன் ஒருவன் வாளை வீசிவிடுகிறான். கோவலன் விழுகிறான். அவனை ஒருவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை.

27-ஆம் நம்பர் இதை மூன்று ஆளாகப் பிரித்திருந்தாள். முதல் ஆளுக்கு உண்மை தெரிந்தது. இரண்டாம் ஆளுக்கு அரசனிடம் பயம். மூன்றாம் ஆளுக்கு யோசனையே இல்லை, வாள் மட்டும் இருந்தது. உண்மை தெரிந்த ஆள் அதற்குப் பிறகு ஏன் பேசவில்லை என்று கேட்டிருந்தாள். அடுத்த பாராவில் ஒரு வார்த்தை எங்களைத் தூக்கிவாரிப் போட்டது. உத்தரவு போட்டவர் எழுத்தறிந்தவர், பொய் சொன்னவர் சாஸ்திரம் அறிந்தவர், கடைசியில் கொலைகாரன் என்ற பெயர் எழுதப் படிக்கத் தெரியாத ஆளுக்கு வந்துவிட்டதே என்று எழுதியிருந்தாள்.

இங்கே கைநாட்டுப் போடுகிறவர்கள் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறீர்கள்! இந்த ஒரு வாக்கியத்துக்காகவே அந்தக் கட்டுரையை உங்கள் முன்னால் கொண்டுவர வேண்டும் என்று தோன்றியது.

கடைசிப் பக்கத்தில் அவள் தன் தகப்பனாரைப் பற்றி எழுதியிருந்தாள். அவர் ஓரிடத்தில் காவல் வேலை பார்க்கிறவர். எந்த இடம் என்று நீங்கள் கேட்கவேண்டாம், நாங்கள் சொல்லவும் மாட்டோம். வேலை முடிந்து வெளியே வருகிறவர்களின் பையைத் தடவிப் பார்க்கிற வேலை. கட்டுரைக்காக அவரிடம் போய்க் கேட்டிருக்கிறாள்: "அப்பா, ஒருத்தர் எடுக்கவில்லை என்று உங்களுக்குத் தெரியும், எடுத்தார் என்று எழுதச் சொல்கிறார்கள், என்ன செய்வீர்கள்?" அவர் வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எழுதிக் கொடுத்திருக்கேம்மா, ஒருதரம்" என்று சொன்னாராம். அதோடு கட்டுரை நின்றுவிட்டது. முடிவுரை கிடையாது.

நாங்கள் மூவரும் கொஞ்சநேரம் ஒன்றும் பேசவில்லை. எங்களுக்கு அந்த மரத்தடியும் நூல் வழக்கும் ஞாபகம் வந்தது. நாலு வருஷம் கழித்து அவருக்கு வேலை திரும்பக் கிடைத்தது, நின்ற காலத்துக்குப் பாதிச் சம்பளத்தோடு. அந்த நாலு வருஷமும் கேட்டில் நின்ற காவல்காரரை நாங்கள் மனதுக்குள் திட்டாத நாள் இல்லை. அவருக்கும் ஒரு வீடு, பள்ளிக்கூடம் போகிற ஒரு பிள்ளை இருந்திருக்கும் என்று அப்போது நினைத்ததில்லை. இப்போதும் அவர் செய்தது சரி என்று சொல்லமாட்டோம். ஆனால் கோபத்தை எல்லாம் கேட்டிலேயே செலவழித்துவிட்டோம் என்பது 27-ஆம் நம்பரைப் படித்த பிறகுதான் உறைத்தது.

கட்டுரையில் பிழை இல்லாமல் இல்லை. அந்தக் குடிகாரனுக்குப் பொற்கொல்லன்தான் கள் வாங்கிக் கொடுத்தான் என்று அவள் எழுதியிருந்தாள். நூலில் அப்படி இல்லை. காவலர் எல்லோருமே முதலில் மறுத்தார்கள் என்றும் எழுதியிருந்தாள். அவர்கள் தயங்கினார்கள், மறுக்கவில்லை. தயக்கத்துக்கும் மறுப்புக்கும் எவ்வளவு தூரம் என்று இந்தக் கூட்டத்துக்கு விளக்க வேண்டியதில்லை. அந்த இரண்டுக்கும் மார்க் குறைத்துத்தான் பரிசு கொடுத்தோம். நூலில் இருப்பதைத் தாண்டிப் போவதாக இருந்தால், "இது என் ஊகம்" என்று எழுதவேண்டும் என்று பக்கத்தில் குறித்துவிட்டோம்.

இதோடு முடிந்திருந்தால் சந்தோஷமாகப் பரிசைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருப்போம். போன வாரம் அந்தப் பெண்ணின் தாயார் வந்தார். நடவு வேலை முடிந்து, சேற்றுக் காலோடு, மடியில் சுருட்டிய பேப்பர் ஒன்றோடு. பள்ளிக்கூடத்தில் நடந்த பரீட்சைப் பேப்பர். அதிலும் சிலப்பதிகாரக் கேள்வி. இந்தப் பெண் அதிலும் காவலரைப் பற்றியே எழுதியிருக்கிறாள். எட்டுக்கு மூன்று மார்க். ஓரத்தில், கேட்டதற்கு விடை எழுதவும் என்று சிவப்பு மை. அந்த அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. மூன்று என்ற எண் தெரியும். எங்களைப் பார்த்துக் கேட்டார்: "நீங்க பரிசு குடுக்கிறீங்க. பள்ளிக்கூடத்துல மூணு குடுக்கிறாங்க. பெரிய பரீட்சையில இவ எதை எழுதணும்? நீங்களே சொல்லுங்க தோழர். இவ நல்லா மார்க் வாங்கினாத்தான் நர்சுக்குப் படிக்க முடியும்."

தோழர்களே, இந்தக் கேள்விக்கு எங்களிடம் உடனே பதில் இல்லை. உண்மையைத்தான் எழுத வேண்டும், மார்க் போனால் போகட்டும் என்று மேடையில் முழங்குவது சுலபம். போவது நம் மார்க் இல்லையே. அந்தப் பெண்ணுக்கு இருக்கிற ஏணி அந்த ஒரு பரீட்சைதான். மறுபடியும் நோட்ஸையே நெட்டுரு போடச் சொல்லிவிடலாமா? அப்படிச் சொன்னால், 27-ஆம் நம்பர் எழுதிய கையை நாமே கட்டிப் போட்டதாகும்.

வாத்தியார் ஐயாவிடம் பேப்பரோடு போனோம். அவர் மூன்று மார்க் போட்டவரைத் திட்டவில்லை. "எனக்கும் கட்டுக் கட்டாகப் பேப்பர் வரும். பக்கத்தில் விடைக்குறிப்பு இருக்கும். குறிப்பில் இருக்கிற வார்த்தை பேப்பரில் இருக்கிறதா என்று கண் ஓடும். இல்லாவிட்டால் கை குறைத்துப் போட்டுவிடும். அந்தக் குறிப்பும் நான் எழுதியது இல்லை" என்றார். மன்னன் உத்தரவும் காவலன் வாளும் மாதிரி இருக்கிறதே என்று நாங்கள் சொல்ல வாயெடுத்தோம், அவரே சிரித்துவிட்டார். பிறகு கேள்வியை வாசித்தார். கண்ணகி வழக்குரைத்த திறத்தை விளக்குக என்று கேட்டிருந்தது. "காவலர் பற்றிக் கேட்கவில்லை. பிள்ளை பக்கமும் தப்பு இருக்கிறது" என்றார். உண்மைதான். மூன்று மார்க் மொத்தமாக அநியாயம் என்று சொல்ல முடியாது.

அதன் மேல் அவர் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு உட்காரவைத்து, எங்கள் முன்னாலேயே வழி சொல்லிக் கொடுத்தார். முதலில் கேட்டதை எழுது. கண்ணகி சபைக்கு வந்தது, தன் ஊரும் குலமும் சொன்னது, மாணிக்கம், முத்து, சிலம்பு உடைத்தது. எழுதும்போது வழக்குரை காதை என்று பெயர் போட்டு எழுது; திருத்துகிறவர் கண் அங்கே நிற்கும். அதற்குப் பிறகு ஒரு பாரா உன்னுடையது. சபையில் இவள் கேட்ட கேள்வியை, கொலைக்களக் காதையில் காவலர்களே கேட்டிருக்க வேண்டும் என்று எழுது. அப்போது அது கேள்விக்கு வெளியே போகாது, கண்ணகியின் திறமும் இன்னும் தெளிவாகும். நூலில் இருப்பதை இருக்கிறபடி காட்டினால் எந்த வாத்தியாரும் அடிக்க யோசிப்பார்.

அந்தப் பெண் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "ஒரு பாராதானா ஐயா?" என்றாள். "பரீட்சையில் ஒரு பாரா. படிப்பகத்தில் நாலு பக்கம்" என்றார் அவர். அவள் முகம் அவ்வளவு தெளியவில்லை. எங்களுக்கும்தான். இருந்தாலும் இப்போதைக்கு வேறு வழி தெரியவில்லை. விடைக்குறிப்பில் மாணவர் சொந்தக் கருத்துக்கும் மார்க் ஒதுக்க வேண்டும் என்று ஆசிரியர் சங்கத் தோழர்களிடம் பேசியிருக்கிறோம். அவர்களும் அதைப் பல நாளாகக் கேட்டுவருவதாகச் சொன்னார்கள். பெற்றோர் கையெழுத்தோடு ஒரு மனு தயாராகிறது. வாசல் மேஜையில் இருக்கிறது, கைநாட்டும் செல்லும்.

பரிசு விஷயம். முதல் பரிசு யாருக்கு என்று மேடையில் கூப்பிடப் போவதில்லை. காரணம் உங்களுக்கு இப்போது புரியும். எழுதிய 43 பேருக்கும் ஒரு சிலப்பதிகாரம், எளிய உரையோடு. உ. வே. சாமிநாதையர் ஏடு ஏடாகத் தேடி 1892-இல் அச்சில் கொண்டுவந்திராவிட்டால் அது நம் வீட்டுப் பலகைக்கு வந்திருக்காது. அடுத்த மாதத் தலைப்பு, மாதரி. மதுரைக்கு வெளியே, புறஞ்சேரியில், முன்பின் தெரியாத இருவருக்கு வீடு விட்டு, அரிசியும் காயும் பாலும் கொடுத்து, தன் மகள் ஐயையைத் துணைக்கு வைத்த இடைக்குல மூதாட்டி. அடைக்கலமாக வந்தவர்களைக் காக்க முடியவில்லையே என்று பிறகு தீயில் விழுந்து உயிர்விட்டவள். 43 கட்டுரையில் அவளைப் பற்றி ஒன்றுகூட வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்குப் படிப்பகத்தில் கொலைக்களக் காதையை உரக்க வாசிக்கிறோம். இரண்டாம் ஷிப்டுக்காரர்களுக்காக மறுநாள் காலை பத்து மணிக்கும் உண்டு. வாசிக்கத் தெரியாதவர்கள் முன்வரிசையில் உட்காரலாம். கேட்டில் வேலை பார்க்கிற தோழர்களும் வரவேண்டும். வந்தால் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். அதற்கு நாங்கள் பொறுப்பு.